வாங்கிய வலி

பிறத்தியார் வலியை வாங்கிக்கொள்வது என் உத்தியோகம். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். எங்களுக்கு அது தினமும் வரும், ஷிப்ட் போட்டு வரும்.

என் பெயர் சுகிர்தா. திருப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பிசியோதெரபிஸ்ட். அவசரப் பிரிவில் பிசியோவுக்கு என்னம்மா வேலை என்று முன்பெல்லாம் கேட்பார்கள். இந்த ஊரில் பாதிப் பேர் தையல் மெஷின் முன்னால் குனிந்தே கிடப்பவர்கள், மீதிப் பேர் பண்டல் தூக்குகிறவர்கள். முதுகு பிடித்துக்கொண்டால் வேறெங்கும் போக மாட்டார்கள், நேராக இங்கேதான். வந்ததும் ஓர் ஊசி, ஒரு ஸ்கேன், நாலு நாள் படுக்கை. படுத்தால் இன்னும் இறுகும், எழுந்து நடங்கள் என்று நாங்கள் தொண்டை வற்றச் சொல்வோம். வலியில் துடிக்கிறவர் காதில் அது ஏறுமா? அசைந்தால் வலி குறையும், ஆனால் வலி அசைய விடாது. அந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான், ஒருவர் வலியை இன்னொருவர் உடம்புக்கு மாற்றுகிற பெல்ட் வந்தது.

பெல்ட் வந்தபின் ஊரே கொஞ்சம் மாறிப்போனது. மெடிக்கல் லீவுக்காக முதுகைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் எங்கள் வாசலைப் பார்த்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கமாகப் போகிறார்கள். "நெஜமாவே வலிக்குதுங்களா, இல்ல நடிக்கிறாளா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்கிற புருஷன்மார் கூடிவிட்டார்கள். ஒரு மாமியார், "அதை எனக்குக் கட்டுங்க, நானே பாத்துக்கறேன்" என்று மருமகளின் வலியை வாங்கிப் பார்த்தார். அரை நிமிடத்தில் கழற்றச் சொல்லி அழுதார். அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் இதில் எங்களுக்கு ஆன சேதாரத்தை யாரும் கேட்பதில்லை. வீட்டில் என் சின்னவன் கீழே விழுந்து அலறினால், தூக்குவதற்கு முன்னால் இது எவ்வளவு வலி என்று மனசு எடை போடுகிறது. அப்படி ஆகிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சென்னியப்பன் தன் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். அவர் சாயப்பட்டறையில் வேலை செய்கிறவர், விரல் நகங்களில் நீலம் ஏறியிருந்தது. மனைவி கோகிலவாணிக்கு நாற்பத்தொரு வயது. பனியன் கம்பெனியில் டெய்லர்.

"காத்தாலிருந்து விட்டு விட்டு நோவுதுங்க. உக்காரவும் முடியல, படுக்கவும் முடியல," என்றார் சென்னியப்பன்.

"எங்கங்க நோவுது?" என்று கோகிலவாணியிடம் கேட்டேன்.

"முதுகுங்க மேடம்," என்றார். கை இருந்தது இடுப்பில்.

கேட்க வேண்டியதையெல்லாம் வரிசையாகக் கேட்டேன். கீழே விழுந்தீர்களா, காய்ச்சல் உண்டா, கால் மரத்துப் போகிறதா, சிறுநீர் போவதில் சிரமம் உண்டா. எதுவும் இல்லை என்றார். பெண்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் ஒன்று உண்டு. அதற்காக வாயைத் திறந்தபோதுதான் சென்னியப்பன் தானாகச் சொன்னார்.

"எங்களுக்குக் கொழந்த இல்லீங்க. பதினெட்டு வருசமாச்சு. பாக்காத ஆசுபத்திரி இல்ல, போகாத கோயில் இல்ல. முட்டையே இல்லன்னு கடசியா கோயமுத்தூர்ல சொல்லிப் போட்டாங்க. அதுல இருந்து இவளுக்கு எல்லா நோவும் வருது."

அதற்கு மேல் அந்தக் கேள்வியை எந்த வாயால் கேட்பது? பதினெட்டு வருஷம் வெந்த புண் அது. நான் வாயை மூடிக்கொண்டேன். டியூட்டி டாக்டர் முகுந்தனும் கேட்கவில்லை, முன்னால் உட்கார வைத்து ரத்த அழுத்தம் பார்த்த பிரிசில்லா சிஸ்டரும் கேட்கவில்லை. பிள்ளை இல்லாதவளிடம் பிள்ளையைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பது எங்கள் ஊர் நாகரிகம். மூன்று பேருமே நாகரிகமாக நடந்துகொண்டோம்.

பெல்ட்டை எடுத்ததும் சென்னியப்பன் மிரண்டார்.

"இது கரண்டுங்களா?"

"பயப்படாதீங்க. இது உங்க வீட்டம்மாவுக்கு, இது எனக்கு. என் பெல்ட்டுல இருக்கற பொத்தானை அமுத்துனா அவங்க இடுப்பு நரம்புல வர்ற வலி எனக்கு வந்துரும். அவங்களுக்கு இருக்காது. மறுபடி அமுத்துனா திரும்பிப் போயிரும்."

"அப்ப நோவு போயிருமுங்களா?"

"போகாதுங்க. எடம் மாறும், அவ்வளவுதான். வலி இல்லாத அந்த நேரத்துல அவங்கள நடக்க வெச்சு, குனிய வெச்சு எடுப்பேன். அசையலாம்னு ஒடம்புக்குத் தைரியம் வந்துட்டா முக்காவாசி வலி தானா கொறஞ்சுரும்."

"அதுவரைக்கும் நீங்க தாங்கோணுமா?"

"சம்பளமே அதுக்குத்தானுங்க."

அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே போனார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

கோகிலவாணிக்குப் பெல்ட் கட்டும்போது கடைசி ஓட்டைதான் எட்டியது. "ஒடம்பு போட்டிருச்சுங்க மேடம். மாசாமாசம் வர்றது நின்ன பொறவு இப்படித்தான். எங்கம்மாளுக்கும் நாப்பதுலயே நின்னுருச்சு," என்று அவரே சமாதானம் சொன்னார். வயிறு கெட்டியாக இருந்தது. வாய்வு என்றார், உள்ளே உருண்டு உருண்டு புரளும், சீரகத் தண்ணி குடித்தால் கொஞ்ச நேரம் அடங்கும் என்றார். நானும் தலையை ஆட்டிக்கொண்டே பொத்தானை அமுக்கினேன்.

எனக்குத் தெரியாத முதுகு வலி கிடையாது என்ற திமிர் எனக்கு உண்டு. டிஸ்க் பிதுங்கினால் காலுக்குள் மின்னல் இறங்கும். தசை பிடித்தால் ஆணி அடித்த மாதிரி நிற்கும். சிறுநீரகக் கல் என்றால் ஓர் இடத்தில் இருக்க விடாது. இது எதிலும் சேரவில்லை. நடு முதுகின் அடியில் பிறந்து, இரண்டு பக்கமும் சுற்றி முன்னால் வந்து, ஈரத்துணியைப் பிழிவது போலப் பிழிந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் விட்டுப் போய்விட்டது. போனபின் ஒன்றுமே இல்லை, தூங்கிவிடலாம் போல இருந்தது.

பிடிப்புதான் என்று முடிவு செய்தேன். பிடிப்பு வரும், போகும்.

கோகிலவாணி முகம் அதற்குள் மலர்ந்திருந்தது. "அய்யோ, என்னங்க மேடம் இது, மந்திரம் போட்டாப்புல இருக்குது!" என்று கட்டிலை விட்டுத் தானாக இறங்கினார். நடக்கச் சொன்னேன், நடந்தார். சுவரில் கை வைத்து இடுப்பை முன்னும் பின்னும் அசைக்கச் சொன்னேன், அசைத்தார். வலி போன உற்சாகத்தில் வாய் ஓயவில்லை.

"உங்களுக்கு எத்தன கொழந்தைங்க மேடம்?"

"ரெண்டுங்க."

"நோவெடுத்துப் பெத்தீங்களா?"

"எங்கங்க? ரெண்டும் ஆபரேஷன். எங்க மாமனார் ஜோசியர்கிட்ட நேரம் குறிச்சு வாங்கிட்டு வந்தாரு. பெரியவ திருவோணம், சின்னவன் ரோகிணி."

அவர் சிரித்தார். சிரித்துவிட்டுச் சொன்னார். "நாங்கூட இடுப்பு வலின்னுதானுங்க முன்னால சொல்லுவேன். ஒருக்கா கம்பெனில அப்படிச் சொன்னதுக்கு, 'உனக்கென்னக்கா இடுப்பு வலி? ஏதாச்சும் விசேசமா?'ன்னு தையல் லைனே சிரிச்சுப் போட்டாளுக. அதுல இருந்து எனக்கு முதுகு வலிதானுங்க."

பரிதாபம் ஒரு பக்கம், அடுத்த பிழிசல் ஒரு பக்கம். இந்த முறை அது சீக்கிரமே வந்தது, முன்னைவிட நீளமாக நின்றது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "முழங்கால மடக்கிக் குந்துங்க, மெதுவா எந்திரிங்க," என்றேன். நல்ல பயிற்சி அது. அவர் குந்தினார். எழுந்தார். மறுபடி குந்தினார்.

எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கால்களை ஒட்ட வைத்துக்கொண்டு, புடவையை முன்னால் அள்ளிப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

தரை நனைந்திருந்தது.

"மேடம், யாருகிட்டயும் சொல்லிறாதீங்க," என்று முணுமுணுத்தார். "ஒண்ணுக்குப் போயிருச்சுங்க. எனக்கே தெரியல."

முதுகு வலி என்று வருகிறவர்களிடம் நாங்கள் பயந்து பயந்து எதிர்பார்க்கிற வாக்கியம் அதுதான். தண்டுவடத்தின் அடியில் நரம்புக் கொத்து நசுங்கினால் முதலில் போவது சிறுநீரின் கட்டுப்பாடு. உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் காலும் போய்விடும். அப்படி நசுங்கிக்கொண்டிருந்தவளையா குந்த வைத்து எழுப்பினேன்? வலி அவளிடமே இருந்திருந்தால் அவள் அசைந்திருக்கவே மாட்டாளே! காவல் நாயைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கோகிலவாணியைப் படுக்க வைத்துவிட்டு, "டாக்டர், நரம்பு நசுங்குது! ஆபரேஷன் பண்ணலன்னா காலே போயிரும்!" என்று முகுந்தனைக் கத்தி அழைத்தேன். அவர் கெட்டிக்கார டாக்டர்தான், முப்பது வயதுக்கு நிதானமும் உண்டு.

"எம்ஆர்ஐ ரூம ரெடி பண்ணச் சொல்லுங்க சிஸ்டர்," என்றபடியே சின்ன ஸ்கேன் கருவியை இழுத்து வந்தார். "அதுக்கு முன்னாடி மூத்திரப்பை எவ்வளவு நெரம்பியிருக்குன்னு ஒரு பார்வை பாத்துருவோம்."

அடிவயிற்றில் கருவியை வைத்தார். நகர்த்தினார். புருவத்தைச் சுருக்கினார். "மூத்திரப்பையக் காணோமே," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, இன்னும் கீழே இறக்கினார்.

பிறகு அவர் கை நின்றுவிட்டது.

திரையில் வெள்ளையாக ஒரு வளைவு. முழு வட்டமாகச் சுற்றி வந்த வளைவு. எனக்கு அடுத்த பிழிசல் எடுக்க ஆரம்பித்திருந்தது. இது வெறும் பிழிசல் இல்லை. உள்ளேயிருந்து எதுவோ என்னைக் கேட்காமல் கீழே முட்டித் தள்ளியது. கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மடங்கி உட்கார்ந்துவிட்டேன்.

"டாக்டர், என்னமோ கீழ தள்ளுது," என்றேன்.

முகுந்தன் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"சுகிர்தா," என்றார். "இது தலை. கொழந்தையோட தலை."

பிரிசில்லா சிஸ்டர் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

வெட்கக்கேடு என்னவென்றால், அந்த அறையில் நின்ற ஒருவருக்கும் அந்த வலி தெரியாது. எனக்கு இரண்டும் ஆபரேஷன், பிரிசில்லா சிஸ்டருக்கும் ஆபரேஷன். நேரம் குறித்து அறுத்தே எடுக்கிற இந்தக் காலத்தில் முகுந்தன் சுகப்பிரசவம் படித்தது வீடியோவில். இடுப்பு வலி என்ற சொல்லையே பெல்ட் கட்டுகிற சமாசாரமாக ஆக்கி வைத்திருந்தோம். அது வயிற்றைச் சுற்றி வந்து பிழிந்தபோதும், இத்தனை முதுகு வலியை வாங்கிய எனக்கு அது தசைப்பிடிப்பு! என் மேலேயே எனக்கு அப்படிக் கோபம் வந்தது.

சிஸ்டர் மகப்பேறு பிளாக்குக்குப் போன் போட்டுவிட்டு அழாத குறையாகச் சொன்னார். "அங்க டாக்டர் யாருமே இல்ல. இன்னைக்கு அஷ்டமியாம். ஒரு கேஸும் போடல. டாக்டர் மேடம் வீட்டுலேருந்து கெளம்பி வர்றாங்களாம்."

அஷ்டமியில் யார் பிள்ளை பெற்றுக்கொள்வார்கள்?

இவ்வளவுக்கும் நடுவில் கோகிலவாணி சாவகாசமாகப் படுத்திருந்தார். அவருக்குத்தான் எந்த வலியும் இல்லையே. "என்னங்க மேடம், ஆபரேஷன் பண்ணோணுமா? காலு போயிருமா?" என்று மட்டும் கேட்டார். நான் தரையிலிருந்து எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கோகிலவாணி, இது முதுகு வலி இல்லீங்க. உங்க வயித்துல கொழந்த இருக்குது. பொறக்கப் போகுது."

அவர் முகம் இறுகிப்போனது.

"வேண்டாங்க மேடம்," என்றார் மெதுவாக. "வேற என்ன வேணும்னாலும் சொல்லுங்க. இந்த வெளையாட்டு மட்டும் வேண்டாம்."

முகுந்தன் கருவியின் சத்தத்தைத் திறந்துவிட்டார். லொடக்கு லொடக்கு என்று குதிரை ஓடுகிற சத்தம் அறை முழுக்க நிறைந்தது. கோகிலவாணி தலையைத் திருப்பி அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார். தன் வயிற்றின் மேல் இருந்த கருவியைப் பார்த்தார். வாய் கோணியது. அழுகை வரவில்லை, மூச்சுத்தான் விட்டு விட்டு வந்தது.

"சத்தியமாங்களா?"

"சத்தியமா."

அடுத்த பிழிசலில் குதிரையின் ஓட்டம் தளர்ந்தது. முகுந்தன் கையுறையை மாட்டினார். "தலை நல்லா கீழ எறங்கிருச்சு. தூக்கிட்டுப் போக நேரமில்ல, இங்கயேதான். துடிப்பு கொறையுது, ரொம்ப நேரம் உள்ள விடக் கூடாது." என் பக்கம் திரும்பினார். "நீங்க பெல்ட்டக் கழட்டாதீங்க. அவங்க அமைதியா இருக்காங்க, நல்லதுதான். உங்களுக்குத் தள்ளணும்னு வர்றப்போ சொல்லுங்க, அவங்க முக்கட்டும்."

செய்து பார்த்தோம். வலி என்னிடம் ஏறும்போது "இப்போ!" என்பேன். கோகிலவாணி பாவம், கண்ணை இறுக்கி மூடி முக்குவார். அதற்குள் எனக்கு வலி உச்சியைத் தாண்டியிருக்கும். மறுபடி "இப்போ!" மறுபடியும் தப்பும். தலை இறங்கவில்லை. குதிரை இன்னும் மெதுவாக ஓடியது.

"இவ்வளவு நேரமும் எனக்கு வந்த நோவு அதுதானுங்களா?" என்று திடீரென்று கேட்டார் கோகிலவாணி.

"ஆமாங்க."

"இப்ப அது எங்க?"

"எங்கிட்ட இருக்குது."

"குடுத்துருங்க."

"தாங்க மாட்டீங்க," என்றேன். "ரொம்ப பயங்கரமா இருக்குது. இவ்வளவு ஒரேயடியா வந்தா பயந்துருவீங்க. இன்னொரு ரெண்டு தடவை முயற்சி பண்ணுவோம்."

சொன்னது டாக்டர்தனமான பேச்சு. முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. ஆனால் என் விரல் பொத்தான் மேல் இருந்தது, அமுக்க மனசு வரவில்லை. ஊர் வலியையெல்லாம் வாங்கி எப்போது கழற்றுவோம் என்று கடிகாரம் பார்க்கிறவள் நான். எலும்பு நொறுங்குகிற மாதிரி இருந்த இந்த வலியை மட்டும் விட எனக்கு மனமில்லை. இரண்டு பிள்ளை பெற்றும் என் உடம்புக்கு ஒரு தடவைகூட வராதது இப்போது வந்திருந்தது. முடியும்வரை இது என்னிடமே இருக்கட்டும் என்று பேராசைப்பட்டேன். அதைக் கண்டு எனக்கே அதிர்ச்சியாக இருந்தது.

கோகிலவாணி என் கண்ணைப் பார்த்தார். பதினெட்டு வருஷமாக மற்றவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்த பெண்ணுக்கு அந்தப் பார்வை புரியாமல் போகுமா?

"அம்மிணி," என்றார். அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "உங்களுக்கு ரெண்டு இருக்குதல்லங்க? இது என்னோடதுங்க."

பொத்தானை அமுக்கினேன்.

என் உடம்பிலிருந்து அது ஒரே நொடியில் போய்விட்டது. எதிரே கோகிலவாணியின் கண்கள் விரிந்தன. அப்புறம் வந்தது அந்த அலறல். பெல்ட் வந்ததிலிருந்து எங்கள் அறைகளில் யாரும் அலறியதில்லை. பக்கத்து அறைகளில் பேச்சு நின்றது, வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. கோகிலவாணி என் மணிக்கட்டை நெரித்துக்கொண்டு, "அய்யோ, ஆத்தா, வலிக்குதே!" என்று கத்தினார். கத்திக்கொண்டே முக்கினார். யாரும் "இப்போ" என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் உடம்புக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"வருது, வருது," என்றார் முகுந்தன். அவர் குரலும் கிட்டத்தட்ட அலறல்தான்.

மூன்றாவது முக்கலில் பிள்ளை வெளியே வந்தது. வந்ததும் அழவில்லை. சிஸ்டர் அதைக் கவிழ்த்து முதுகைத் துண்டால் தேய்த்தார். கோகிலவாணி எழுந்து உட்கார முயன்று, "என்னாச்சு, ஏன் அழ மாட்டீங்குது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் ஒரு தும்மல். அதன் பின்னால் கூரை பிய்ந்துபோகிற மாதிரி ஓர் அழுகை.

கோகிலவாணி மார்பில் பிள்ளையைப் போட்டார்கள். அவர் அதைக் கொஞ்சவில்லை, முத்தமிடவில்லை. ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். எனக்கு எங்கும் வலிக்கவில்லை. ஆனாலும் அழுகை வந்தது, அழுதேன்.

அப்போதுதான் உறைத்தது, இத்தனை நேரமும் சென்னியப்பனுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிரிசில்லா சிஸ்டர் கதவைத் திறந்தார். அலறல் கேட்டு ஓடி வந்த ஆட்கள் கலைந்து போயிருந்தார்கள். சென்னியப்பன் மட்டும் கதவை ஒட்டி நின்றார், துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு.

"பொண்ணு பொறந்திருக்குது," என்றார் சிஸ்டர். "அப்பா உள்ள வரலாங்க."

சென்னியப்பன் உடனே மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார். அந்தப் புண்ணியவான் யார் என்று பார்க்கத் திரும்பினார். அவருக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.